கட்டாத வீட்டுக்குப் பச்சை வைத்தவன்

முப்பத்திரண்டு வயதில் என்னைப் ‘பென்சன் அண்ணே’ என்று கூப்பிடுகிறார்கள். நான் செய்ததெல்லாம், சுங்கை பட்டாணியில் ஏழு வருடம் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தை விட்டுவிட்டு, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்குப் போனதுதான். ஆனால் பழைய அலுவலகத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன். ஏதாவது புரியவில்லை என்றால் மட்டும் வாட்ஸாப்பில் எழுப்புவார்கள்.

போன மாதம் அப்படித்தான் ஒரு செய்தி வந்தது. அங்கே நாங்கள் செய்த வரைபடத்தின் புதிய பதிப்பு தயாராகிறதாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து இயந்திரமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதாம். ‘அண்ணே, நேரில போய்ப் பார்த்தேன்னு டிக் பண்ற அந்தப் பக்கத்தை எடுத்துரலாமா? யாரும் தொறக்கறதே இல்ல’ என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். ஒரு வரியில் வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்று திருப்பிக் கேட்டான். அந்த ‘ஏன்’னுக்கு ஒரு வரி போதாது. என் மானம் போன கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

முதலில், நாங்கள் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கெடா மாநிலத்தின் தெற்குப் பக்கத்தில் எங்கெங்கே புது வீடுகள் எழும்புகின்றன, எந்த வேகத்தில், எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று காட்டும் ஓர் இணையச் செயலி. யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் திறந்து பார்க்கலாம். மண் வெட்டிச் சமப்படுத்தினால் மஞ்சள். சுவரும் கூரையும் ஏறினால் ஆரஞ்சு. கட்டி முடிந்தால் பச்சை. பாதியில் நின்றுபோனால் சிவப்பு. ஒன்றுமே இல்லாத இடம் வெள்ளை. நான் படித்த மூன்று வருடப் படிப்பு, பயிற்சி, கடன் எல்லாம் சேர்ந்து இந்த ஐந்து நிறத்தில் வந்து நின்றன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பக்கத்து வீட்டில் ‘என் மகன் கெடாவையே வரையிறான்’ என்று சொல்லி வைத்திருந்தார். நான் மறுத்ததில்லை.

எங்கள் மேலாளர் புவான் ரொஹானா; புவான் என்றால் மலாயில் அம்மையார். நிலஅளவை அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு போட்டுவிட்டு வந்தவர். கோலா கெடாவில் மீன் பிடிக்கும் குடும்பம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டார். எங்கள் வேலையையும் அப்படித்தான் வாங்கினார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு விவரம் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். திரும்பப் போட்டுக்கொண்டு ஒரே சொல் சொல்வார்: ‘உலாங்.’ மறுபடி செய். எதை மறுபடி, எங்கே தப்பு என்பதெல்லாம் நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடத்தில் அவருடைய கண்ணாடி கெடாவிலேயே சுத்தமான கண்ணாடியாக இருந்தது. காரணம் நான்.

ஆரம்பத்தில் நேரில் போய்ப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதைக் கொண்டுவந்தது ஒரு திரைச்சீலைக் கடைக்காரர். எங்களுக்குக் காசு கட்டிச் சேர்ந்த முதல் சந்தாதாரர் அவர்தான், ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்த பாய். பச்சை ஆன இடத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் ஜன்னல் அளவு எடுத்துவிடுவார். ஒரு நாள் கூலிம் பக்கம் நான் பச்சை வைத்த ‘நாற்பது வீட்டுத் தாமான்’ குடியிருப்பு ஒன்றைத் தேடிப் போனவர், அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“தம்பி, அது கோழிப் பண்ணை. நான் துணி சாம்பிள் புக்கோட உள்ள போய் நிக்கிறேன். கோழிங்களுக்குத் திரைச்சீலை வேணாம்னு பண்ணை மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, சொல்லிட்டாரு.”

நீளமான கூரைகள், வரிசையாக, சம இடைவெளியில். மேலே இருந்து பார்த்தால் சுவரோடு சுவர் ஒட்டிய தெரேஸ் வீடேதான் என்று நான் வாதாடினேன். புவான் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த வாரம் புதிய நடைமுறை வந்தது. இயந்திரம் ‘சந்தேகம்’ என்று சொல்லும் இடத்துக்கு ஆள் போக வேண்டும். ஐந்து படங்கள் எடுக்க வேண்டும்: சாலை முகப்பு, கூரை, வாசற்கதவு, மின்சார மீட்டர், கொல்லைப்புறம். ஆறாவதாக ஒரு பெட்டி இருக்கும். ‘யாரிடம் பேசினீர்கள்?’ அதில் ஒரு பெயர் எழுத வேண்டும். பெயர் இல்லாமல் பச்சை கிடையாது. இந்த ஆறாவது பெட்டியை நாங்கள் கேலி செய்தோம். செயற்கைக்கோளுக்கும் செல்லம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்பது என் நகைச்சுவை. நன்றாகச் சிரித்தார்கள்.

இனி என் மானம் போன அந்தக் கதைக்கு வருகிறேன்.

மெர்போக் பக்கம் ஒரு தோட்டம். ரப்பர்ப் பால் மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, செம்பனையும் வயதாகி, நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. பெரிய தாமான் வரப்போகிறது. அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் இருபத்து நான்கு குடும்பங்களுக்கு முதலில் இருபத்து நான்கு தெரேஸ் வீடுகள் கட்டிக் கொடுக்க வேண்டும். அது முடிந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. அடுத்த கட்டம் என்றால் லயத்தை இடிப்பது.

ஒரு மாதத்துப் படத்தில் இயந்திரம் அங்கே ஒரு மாற்றத்தைக் கண்டது. போன படத்தில் துருப்பிடித்த பழுப்பு. இந்தப் படத்தில் பளிச்சென்று நீலம். இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. அனுமதிப் பட்டியலிலும் அதே நில எண்ணில் இருபத்து நான்கு வீடு. ‘கட்டி முடிந்தது, ஆனால் சந்தேகம்’ என்றது இயந்திரம். இருபத்து நான்கும் இருபத்து நான்கும் பொருந்துகிறபோது இதில் என்ன சந்தேகம் என்று எனக்கு இயந்திரத்தின் மேல் எரிச்சல் வந்தது.

இருந்தாலும் கிளம்பினேன். மோட்டாரில் தோட்டத்து முகப்புவரை போனேன். அதற்கு மேல் போகவில்லை.

ஏன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். தோட்டத்தில் பிறந்து படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். படித்தவன் என்று தெரிந்த ஆள் லயத்துக்குள் நுழைந்தால், விண்ணப்பப் பாரம் நிரப்பாமல் வெளியே வர முடியாது. உதவித்தொகை பாரம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பாரம், அடையாள அட்டையில் பெயர் தப்பாக இருக்கிற பாரம். யாருக்கோ கைப்பேசியில் கடவுச்சொல் மறந்திருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து நான் பாரம் நிரப்புகிறவன். அந்த லயத்தில் அம்மா வழிச் சொந்தம் வேறு இருக்கிறது. பிடித்தால் சாப்பிடாமல் விட மாட்டார்கள். அன்று மதியம் எனக்கு அலுவலகத்தில் ஒரு விளக்கக் கூட்டம். புதுச் சட்டை போட்டிருந்தேன்.

முகப்பில் நிறுவனத்தின் பெரிய பலகை இருந்தது, அதில் அழகான தெரேஸ் வீட்டின் படம். செம்பனைகளுக்கு இடையே தூரத்தில் நீலக் கூரைகள் தெரிந்தன. கைப்பேசியில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தேன். அந்த ஒரு படத்தை ஐந்தாக வெட்டினேன். மீட்டர் என்று நான் ஏற்றியது பலகைக் காலின் நிழல் என்று இப்போது நினைக்கிறேன். ஆறாவது பெட்டியில் ‘காவலாளி’ என்று எழுதினேன். அங்கே காவலாளியே கிடையாது. பிறகு மெர்போக் ஆற்றோரக் கடையில் இறால் மீ நூடுல்ஸ் சாப்பிட்டேன். பச்சை வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து கைப்பேசி அடித்தது. செயலியின் அடியில் ‘தவறு இருந்தால் அழைக்கவும்’ என்று என் எண் இருக்கும். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அழைத்ததில்லை. தவறே இல்லை என்பதற்கு அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்கதான் அந்த மேப்புக்காரத் தம்பியா?” ஒரு பெண் குரல்.

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“நான் சரசு பேசறேன், மெர்போக் தோட்டத்துலேர்ந்து. எங்க வீடெல்லாம் கட்டி முடிஞ்சிருச்சாம்லா. மக காட்டுனா, பச்சையா இருக்கு. ரொம்ப சந்தோசம். சாவி எங்க வந்து வாங்கிக்கணும்?”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவரே தொடர்ந்தார். புயல் காற்றில் லயத்துக் கூரை பறந்துபோனதாம். நிர்வாகம் தகரம் வாங்கி இரண்டு வரிசைக்கும் ஒரே நாளில் போட்டுக் கொடுத்ததாம். நீலத் தகரம்தான் மலிவாகக் கிடைத்ததாம். “அதத்தான் நீங்க புது வீடுன்னு போட்டிருக்கீங்க. அடுத்த வியாழக்கெழம டிஸ்ட்ரிக் ஆபீஸ்ல கூட்டம். கம்பெனிக்காரன் உங்க மேப்ப பிரிண்ட் எடுத்து வச்சிருக்கான். வீடு குடுத்தாச்சு, லயத்த ஒடைக்கலாம்னு சொல்லப் போறான். நாங்க எங்க தம்பி போறது?”

கையிலிருந்த கோப்பியை வைத்துவிட்டு எழுந்து புவானின் மேசைக்குப் போனேன். மெர்போக் தோட்டம் என்று நான் தொடங்கியதுமே அவர் வரைபடத்தில் அந்தச் சதுரத்தைத் திறந்துவிட்டார். ஐந்து படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஐந்திலும் ஒரே செம்பனை ஓலை தெரிந்தது. வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“இந்தக் காவலாளி,” என்று மலாயில் கேட்டார், “அவர் பெயர் என்ன?”

 புவான் கார்ச் சாவியை எடுத்தார்.

போகும் வழியில் அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாலை ஓரத்து வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பி, போன தடவை நான் நின்ற இடத்தைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, பலகையை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்ப அழுத்தினார். உள்ளே அரை கிலோமீட்டர்கூட இல்லை.

லயம் லயமாகவே இருந்தது. சாயம் போன பலகைச் சுவர், முன்னால் சிமிண்டு வாய்க்கால், கொடியில் தொழிற்சாலைச் சீருடைகள், மேலே மட்டும் கல்யாணத்துக்கு வாங்கிய தொப்பி மாதிரி நீலத் தகரம். நான் பிறந்ததும் இப்படி ஒரு லயத்தில்தான். ஒன்பது வயதுவரை அங்கேதான் இருந்தேன். பக்கவாட்டில், அடியில், உள்ளே என்று எல்லாப் பக்கமும் பார்த்திருக்கிறேன். மேலே இருந்து மட்டும் பார்த்ததில்லை.

சரசு அக்காவுக்கு ஐம்பது இருக்கும். செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். லயத்துக்கு அவர்தான் பேசும் ஆள். புவானும் அவரும் மலாயில் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் கருவாட்டு விலைக்குப் போய்விட்டார்கள். என்னைச் சுற்றித்தான் கூட்டம் கூடியது. குலை வெட்டும் அண்ணன் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ மூனாங்கட்ட லயத்துப் பெருமாள் மகன்தானே? லயத்துல பொறந்த பிள்ளைக்கு லயம் தெரியலயா?”

“மேலேர்ந்து எடுத்த படம்ணே,” என்றேன். “கூரை மட்டும்தான் தெரியும்.”

“அவ்ளோ மேல போய்ட்டியாப்பா,” என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. அது இன்றும் காதில் கிடக்கிறது.

புவான் எனக்கு அன்றைய வேலையைச் சொன்னார். இருபத்து நான்கு வீடு, வீட்டுக்கு ஐந்து படம், வீட்டுக்கு ஒரு பெயர். நூற்று இருபது படம் எடுத்தேன். முதல் வீட்டில் கதவைத் தட்டியதும் பாரம் வந்தது. நான்காவது வீட்டில் இரண்டு. மொத்தம் பதினொன்று நிரப்பினேன். ஒரு பாட்டி தன் கைப்பேசியை நீட்டி, அதில் பேரன் முகம் சின்னதாகிவிட்டது, பெரிதாக்கிக் கொடு என்றார். பெரிதாக்கிக் கொடுத்தேன். அதுவும் எனக்குத் தெரிந்த வேலைதான்.

மாலையில் சரசு அக்கா வீட்டு முன்னால் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். எல்லாரும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சதுரத்தைத் தொட்டுப் பச்சையை நீக்கினேன்.

“அழிச்சிட்டேங்கா. வீடு கட்டலன்னு ஆயிருச்சு.”

சரசு அக்கா எதிர் வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய் தேவி, நம்ம வீடெல்லாம் போயிருச்சு, வா.” யாரோ கை தட்டினார்கள். இருபத்து நான்கு வீடுகள் இல்லாமல் போனதற்கு எனக்குத் தட்டில் சோறும் கோழிக் கறியும் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு வேலைக்குக் கை தட்டு விழுந்தது அப்போதுதான். அதுவும் செய்ததை அழித்ததற்கு.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப வெள்ளையா இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“ஒண்ணும் இல்லாத எடம்னு அர்த்தம்.”

“ஒண்ணும் இல்லாத எடமா?” என்று கேட்டார். “நாங்க இருக்கோம்லா.”

நான் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினேன். பச்சை என்றால் வீடு கொடுத்தாயிற்று, இவர்களை வெளியேற்றலாம். வெள்ளை என்றால் யாருமே இல்லை, வெளியேற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டாவது தப்பு முதல் தப்பைவிட மோசம். புது வீடுகளைக் காட்டுவதற்காகச் செய்த வரைபடத்தில் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இடமே வைக்கவில்லை. ஏழு பேர் சேர்ந்து செய்த செயலி. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய ஆள் அங்கே கறியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புவானிடம் மலாயில் விளக்கினேன். அப்படி ஒரு வகை இல்லையே என்றார். சேர்க்கலாமா என்று கேட்டேன். என்ன பெயர் வைப்பாய் என்றார். ‘ஆட்கள் குடியிருக்கிறார்கள், வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள்’ என்றேன். நீளமாக இருக்கிறது, ஆனால் சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

“அப்ப மஞ்ச வைங்க தம்பி, மங்களகரமா இருக்கட்டும்,” என்றார் சரசு அக்கா.

“மஞ்சள் மண்வேலைக்கு இருக்குக்கா.”

“செவப்பு?”

“அது நின்னுபோன திட்டத்துக்கு.”

“நல்ல கலரையெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. என்னதான் மிச்சம் இருக்கு?”

தேடிப் பார்த்தேன். “ஊதா இருக்கு.”

“சரி, குடுங்க.”

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்துக் கூட்டத்துக்குப் புவான் என்னை அழைத்துப் போனார். சரசு அக்காவும் தேவியும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் ஆள் மரியாதையானவர். எனக்கு முன்னால் எழுந்து, என் பழைய வரைபடத்தைப் பெரிய தாளில் நேர்த்தியாக அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார். என் பச்சை அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. நிபந்தனை நிறைவேறியது, மூன்றாம் தரப்பு ஆதாரம் இருக்கிறது என்றார். அந்த மூன்றாம் தரப்பு நான்தான்.

புவான் எழுந்திருக்கவில்லை. முழங்கையால் என்னை ஒரு தள்ளு தள்ளினார்.

நான் எழுந்து, அந்தப் பச்சை தப்பு, நான் நேரில் போகவில்லை, போனதாக எழுதினேன் என்று சொன்னேன். மலாயில் தயார் செய்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவன் சொல்வது மாதிரி வந்தது. நிறுவனத்து ஆள் தலை குனிந்து தன் தாளைப் பார்த்தார். பிறகு புதிய வரைபடத்தைத் திரையில் போட்டேன்.

தலைமை அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆரஞ்சு தெரியும், மஞ்சள் தெரியும், இது என்ன ஊதா என்று கேட்டார்.

வகையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். புவான் என் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார். லயத்தில் நான் எழுதி வந்த ஆறாவது பெட்டிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

படிக்க ஆரம்பித்தேன். ஒன்றாம் வீடு, சரஸ்வதி, உதிரி பொறுக்குபவர், இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குக் கூலிமில் தொழிற்சாலை வேலை. இரண்டாம் வீடு, முனியாண்டி, குலை வெட்டுபவர், மனைவி, மாமியார். மூன்றாம் வீடு. நான்காம் வீடு.  ஏழாம் வீட்டைப் படித்து முடித்ததும் அதிகாரி கையைத் தூக்கி, புரிந்தது, போதும் என்றார்.

“இன்னும் பதினேழு இருக்கு, துவான்,” என்றார் புவான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அதிகாரி கையை இறக்கினார். நான் எட்டாம் வீட்டைப் படித்தேன். இருபத்து நான்காம் வீடு முடிந்தபோது அவர் பேனாவை எடுத்து, நிகழ்ச்சி நிரலில் ‘நிறைவேறியது’ என்று அச்சடித்திருந்ததை ஒரு கோட்டால் அடித்தார். மேலே கையால் எழுதினார். எங்கள் இடத்திலிருந்து எழுத்து தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து சரசு அக்கா எழுந்து மேசைவரை போய் எட்டிப் பார்த்து, தேவிக்குப் படித்துச் சொன்னார்: “‘இன்னும் நெறவேறல, ஆளுங்க இருக்காங்க’ன்னு எழுதியிருக்காரு.”